இரத்தக் கொழுப்பை அளந்த வரலாறு

வைத்தியசாலையில் இரத்தப் பரிசோதனை செய்வித்துத் திரும்பும் ஒருவரின் கையிலே இன்று ஒரு சிறு தாள் இருக்கும். அத்தாளிலே நான்கு எண்கள் காணப்படும். மொத்தக் கொலஸ்திரோல் இவ்வளவு, திரைகிளிசரைட்டு இவ்வளவு, எச்.டி.எல். இவ்வளவு, எல்.டி.எல். இவ்வளவு என அவை வரிசையாக எழுதப்பட்டிருக்கும். வைத்தியர் புருவத்தை நெரிப்பதும், மருந்து எழுதுவதும், உணவைக் குறைக்கச் சொல்வதும் பெரும்பாலும் அந்தக் கடைசி எண்ணைக் கொண்டேயாம். ஆயினும் அந்நான்கு எண்களுள் மூன்று மாத்திரமே ஆய்வுகூடத்தில் அளக்கப்பட்டவை. நான்காவது எண் உலகின் மிகப் பல ஆய்வுகூடங்களில் அளக்கப்படுவதேயில்லை; அது வெறுங் கழித்தற் கணக்கின் விடை. நோயாளியின் தலைவிதியை உரைக்கும் எண் என்று கருதப்படுவது எவருடைய கருவியிலும் அகப்படாமல், ஒருவருடைய பேனா முனையிலே பிறக்கின்றது! இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று? அதனை அளக்கவல்ல கருவி இல்லாமையால் அன்று. கருவி 1949 ஆம் ஆண்டிலேயே இருந்தது. அதனை முன்னிட்டு விஞ்ஞானிகளுக்கிடையில் ஒரு வழக்கும் நடந்தது. 1956 ஆம் ஆண்டில் அவ்வழக்கிலே கருவி தோற்றது.

கொலஸ்திரோல் முதன்முதலாக மனிதர் கண்ணுக்குப் புலப்பட்டது இரத்தத்தில் அன்று, பித்தக்கல்லிலே. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சு தேசத்தவராகிய புல்லெத்தியே த லா சால் என்பவர் பித்தக்கற்களிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்தார். 1815 ஆம் ஆண்டளவில் அந்நாட்டு இரசாயன அறிஞர் மிசேல் இயூஜேன் செவ்ரல் அதனை ஏனைய கொழுப்புக்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். எண்ணெயையும் விலங்குக் கொழுப்பையும் காரத்தோடு காய்ச்சினால் சவர்க்காரம் உண்டாகும். இப்பொருளோ எவ்வளவு காய்ச்சியும் சவர்க்காரமாகவில்லை. ஆகவே இஃது வேறினத்தைச் சார்ந்தது எனத் துணிந்த செவ்ரல், பித்தம், திண்மம் என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அதற்குப் பெயர் சூட்டினார். உலகம் இன்று அஞ்சும் அப்பெயரை வழங்கிய அவர் 102 வயதுவரை வாழ்ந்து 1889 ஆம் ஆண்டிலே காலமானார் என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

ஒரு பொருளைப் பிரித்தெடுத்தல் வேறு. அது எவ்வளவு உண்டென அளத்தல் வேறு. அளப்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும். அவ்வடையாளத்தை நிறமே கொடுத்தது. 1885 ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த லீபர்மன் என்பவரும், சில ஆண்டுகளின் பின்னர் புர்க்கார்ட் என்பவரும், அசற்றிக்கு நீரிலியையும் செறிந்த சல்பூரிக்கமிலத்தையும் சேர்த்தால் கொலஸ்திரோல் பல நிறங்காட்டி ஈற்றிலே பச்சை நிறத்தில் நிற்கும் எனக் கண்டனர். பச்சை எவ்வளவு ஆழமோ அவ்வளவு கொலஸ்திரோல் உண்டு. கேட்பதற்கு எளிது, செய்து பார்த்தவர்க்கே அதன் தொல்லை தெரியும். நிறம் எழுந்து நிலைத்து நிற்பதில்லை. சில நிமிடங்களில் மங்கத் தொடங்கும். பாத்திரத்தில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் பச்சை கெடும். அறையின் வெப்பம் மாறினால் நிறமும் மாறும். இரத்தத்தில் உள்ள கொலஸ்திரோலில் ஏறக்குறைய மூன்றிலிரு பங்கு கொழுப்பமிலங்களோடு பிணைந்தே இருக்கின்றது; பிணைந்த பகுதி தனித்த பகுதியிலும் கூடுதலான நிறத்தைக் காட்டும். காமாலை நோயாளியின் இரத்தமாயின், அதன் மஞ்சளும் பச்சையோடு கலந்து கணக்கைக் குழப்பும். இக்காரணங்களால் ஒரே இரத்தத்தை இரண்டு ஆய்வுகூடங்கள் அளந்தால் இரண்டு விடைகள் கிடைத்தன.

இவ்வளவு தொல்லைக்கும் ஈடுகொடுத்து வைத்தியர்கள் அதனை அளக்க முற்பட்டமைக்குக் காரணம் நாடிகளில் உண்டாகும் நோய். 1910 ஆம் ஆண்டிலே அடொல்ப் வின்டவுஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், தடித்துக் கெட்ட பெருநாடிச் சுவரில் நல்ல சுவரிலும் பன்மடங்கு கொலஸ்திரோல் இருப்பதைக் காட்டினார். 1913 இல் உருசியாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிலே அனிச்கோவ் என்பவரும் சலாத்தோவ் என்பவரும் சூரியகாந்தி எண்ணெயிற் கரைத்த கொலஸ்திரோலை முயல்களுக்கு ஊட்டினர். முயல்களின் நாடிகளில் மனிதரின் நோயை ஒத்த படிவுகள் தோன்றின. இவற்றைக் கண்ட வைத்தியர்கள், இரத்தத்தில் கொலஸ்திரோல் மிகுந்தால் மாரடைப்பு வரும் என எதிர்பார்த்தனர். ஆனால் மனித இரத்தத்தை அளந்தபோது விடை அத்துணைத் தெளிவாயிருக்கவில்லை. மாரடைப்புக் கண்டவர்களின் சராசரி உயர்ந்திருந்தது உண்மையே. எனினும் தனி மனிதரை எடுத்துப் பார்த்தால், நோயுற்றோர் பலரின் அளவும் நோயற்றோர் பலரின் அளவும் ஒன்றாகவே இருந்தன. இருவரிடத்தும் ஒரே அளவு கொலஸ்திரோல் இருக்க, ஒருவர் மாத்திரம் ஏன் வீழ்கின்றார்?

இவ்வினாவுக்கு விடை வேறொரு வினாவில் மறைந்திருந்தது. எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்பது சமையலறையிலுள்ள எவரும் அறிந்ததே. இரத்தமோ பெரும்பாலும் நீர். அவ்வாறாயின் அதனுள்ளே கொழுப்பு மிதந்து பிரியாமல் எவ்வாறு ஓடித் திரிகின்றது? உறைந்த இரத்தத்தின் மேலே தேங்கும் தெளிநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்துப் பார்த்தால், விரதமிருந்தவரிடத்து அது பெரும்பாலும் தெளிவாகவே காணப்படும். கொழுப்பு அங்கே இருக்கின்றது; ஆயினும் கண்ணுக்குத் தெரிவதில்லை. 1929 ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துப் பாஸ்தர் நிலையத்தைச் சேர்ந்த மிசேல் மஷபோவ் என்பவர் குதிரையின் தெளிநீரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அதிலே கொழுப்பும் புரதமும் பிரியாத் துணையாகச் சேர்ந்திருந்தன. அப்பொருள் நீரில் நன்றாகக் கரைந்தது. புரதம் என்னும் ஓடத்தில் ஏறியே கொழுப்பு இரத்த ஆற்றிலே பயணஞ் செய்கின்றது என்பது அதனாற் புலனாயிற்று. ஆயின் ஓடம் ஒருவகைதானா, பலவகையா என்பதை அறிய மஷபோவிடம் வழியில்லை.

அவ்வழி சுவீடன் நாட்டு உப்சாலாவிலிருந்து வந்தது. தயிரைக் கடையும் மத்துச் சுழலும்போது வெண்ணெய் திரண்டு பிரிவதைக் காண்கின்றோர்க்கு, சுழற்சியினால் பொருள்களைப் பிரிக்கலாம் என்பது புதுமையன்று. பாலைச் சுழற்றி ஆடையைப் பிரிக்கும் மையநீக்கிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தன. உப்சாலாப் பேராசிரியர் தியோடோர் ஸ்வெட்பெர்க் 1920 களில் அக்கருத்தை அதன் உச்சத்துக்குக் கொண்டு சென்றார். புவியீர்ப்பைப் போலப் பல்லாயிரம் மடங்கு, பின்னர் இலட்சம் மடங்குக்கு மேற்பட்ட விசையை உண்டாக்கும் அதிவேக மையநீக்கியை அவர் அமைத்தார். 1926 ஆம் ஆண்டின் இரசாயன நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. சுழலும் கலத்தினூடே ஒளியைச் செலுத்திப் புரதங்கள் கீழிறங்கும் வேகத்தைப் படம் பிடிக்கலாம் என்பது இக்கருவியின் தனிச் சிறப்பு. மனிதத் தெளிநீரை அதிலிட்டுச் சுழற்றியபோது, அல்புமின் என்னும் புரதத்தைக் குறிக்கும் மேட்டின் அருகிலே கோணலான ஓர் உருவம் தோன்றியது. உப்புச் செறிவை மாற்றினால் அவ்வுருவமும் மாறிற்று. ஸ்வெட்பெர்க்கின் துணைவராகிய கை பெடர்சன் அதற்கு எக்ஸ் புரதம் எனப் பெயரிட்டார். அறியப்படாததைக் குறிக்கும் எழுத்து அது. அல்புமினும் வேறு புரதமும் கொழுப்பும் நிலையின்றிச் சேர்ந்த கூட்டு எனவே அவர் அதனைக் கருதினார்.

இப்புதிரை அவிழ்த்தவர் கலிபோர்னியாவின் பேர்க்கிளி நகரிலிருந்த ஜோன் கொவ்மன். 1918 இல் கிளீவ்லாந்திலே பிறந்த இவர், உலகப்போர்க் காலத்தில் கிளென் சீபோர்க் என்னும் அறிஞரின் கீழே அணு இரசாயனம் கற்று, யுரேனியம் 233 என்னும் சமதானியைக் கண்டறிந்தோருள் ஒருவராகி, பின்னர் வைத்தியப் பட்டமும் பெற்றவர். வைத்தியரும் இரசாயனரும் ஒருவரேயாதல் அரிது; அவ்வரிய சேர்க்கையே பின்வந்த வெற்றிக்கும் பூசலுக்கும் ஒருங்கே வித்தாயிற்று எனலாம். பேர்க்கிளியின் டொனர் ஆய்வுகூடத்திலே கொவ்மன், பிராங்க் லின்கிரென் என்னும் மாணவரோடும் ஹரல்ட் எலியட் என்பவரோடும் சேர்ந்து எக்ஸ் புரதத்தை ஆராய்ந்தார். அவர் கண்டது இதுவே: அது நிலையற்ற கூட்டன்று. அதன் அடர்த்தி சுற்றியுள்ள திரவத்தின் அடர்த்தியிலிருந்து மிகச் சிறிதே வேறுபடுவதால், அல்புமின் செறிந்த இடத்தில் அது மேலே மிதக்க முயல்கின்றது. அல்புமின் ஐதான இடத்திலே கீழே அமிழ முயல்கின்றது. ஈற்றில் இரண்டுக்கும் இடையே குவிந்து நிற்கின்றது. படத்திலே தோன்றிய கோணல் அக்குவியலே.

நோயைக் கண்டவுடன் மருந்தும் புலப்பட்டது. வெறும் நீரில் அமிழும் கோழிமுட்டை உப்புக் கரைத்த நீரில் மிதக்கும். கொவ்மன் குழுவினர் தெளிநீரில் உப்பைக் கூட்டி அதன் அடர்த்தியை 1.063 வரை உயர்த்தினர். புரதங்களின் அடர்த்தி ஏறக்குறைய 1.3, அவை முன்போலவே அடியை நோக்கிச் சென்றன. கொழுப்பேறிய புரதங்களோ நீரினும் சிறிதே கனத்தவை. சில நீரினும் இலேசானவை. அவை அனைத்தும் மேல்நோக்கி மிதந்தன. அதுவரை எல்லோரும் கீழே செல்வதை அளந்துகொண்டிருக்க, பேர்க்கிளியில் மேலே எழுவதை அளக்கத் தொடங்கினர். நிமிடத்துக்கு 52,640 முறை சுற்றும் கருவியிலே, புவியீர்ப்பினும் ஏறக்குறைய இரண்டு இலட்சம் மடங்கு விசையின் கீழ், ஒவ்வொரு வகைத் துணிக்கையும் தனக்கே உரிய வேகத்தில் எழுந்தது. அவ்வேகத்துக்கு ஓர் அலகும் வகுக்கப்பட்டது. ஓடங்கள் ஒருவகையல்ல, பலவகை. பெரியனவும் இலேசானவையும் விரைந்து மிதந்தன. சிறியன மெல்ல மிதந்தன. 1949 ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியாயிற்று.

1950 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விஞ்ஞானம் என்னும் பொருளுடைய பெயர் தாங்கிய அமெரிக்கச் சஞ்சிகையில் கொவ்மன் குழுவினர் மற்றொரு கட்டுரை வெளியிட்டனர். மொத்தக் கொலஸ்திரோலை அளத்தல் போதாது; அது எந்த ஓடத்தில் ஏறியிருக்கின்றது என்பதே முக்கியம் என்பது அதன் சாரம். மிதப்பு வேகம் 10 முதல் 20 அலகு வரையுள்ள துணிக்கைகள் மாரடைப்புக் கண்டவர்களிடத்தில் மிகுதியாகக் காணப்பட்டன என்றனர். ஒரே அளவு கொலஸ்திரோல் கொண்ட இருவருள் ஒருவர் மாத்திரம் வீழ்வதேன் என்ற பழைய வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது போலத் தோன்றிற்று. பொதுமக்கள் பத்திரிகைகளும் இச்செய்தியை ஆரவாரத்துடன் வரவேற்றன. ஆரவாரமே வினையாயிற்று. இருதய நோய் வல்லுநர் பலர், இவ்வளவு விரைவில் இவ்வளவு பெரிய முடிவா என ஐயுற்றனர். மேலும் அக்கருவி சாமானியமானதன்று. ஓர் அறையை நிரப்பும் பெரிய யந்திரம். வாங்குவதற்குப் பெரும்பொருள் வேண்டும். இயக்குவதற்குத் தேர்ந்த கை வேண்டும். நாளொன்றுக்குச் சில மாதிரிகளையே அதனால் அளக்க முடியும். சிறு நகரத்து வைத்தியர் ஒருவர் தம் நோயாளியின் இரத்தத்தை எங்கே அனுப்புவார்? குடுவையும் அமிலமும் கொண்டு செய்யும் பழைய முறை எந்த வைத்தியசாலையிலும் இயலும்.

ஆகவே அமெரிக்க அரசின் இருதய ஆலோசனைச் சபை வழக்கைத் தீர்க்க ஒரு கூட்டாய்வை ஏற்படுத்தியது. பேர்க்கிளியோடு, ஹாவர்ட் பல்கலைக்கழகம், கிளீவ்லாந்து வைத்திய நிலையம், பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகம் ஆகிய மூன்று இடங்களிலும் அதிவேக மையநீக்கிகள் நிறுவப்பட்டன. கிளீவ்லாந்தில் இர்வைன் பேஜ், பிற்ஸ்பேர்க்கில் மக்ஸ் லோபர், ஹாவர்டில் பிரெடெரிக் ஸ்டேர் என்போர் பொறுப்பேற்றனர். 40 முதல் 59 வயது வரையான, இருதய நோயின் அறிகுறியற்ற ஏறக்குறைய 5,000 ஆடவரின் இரத்தம் எடுக்கப்பட்டது. ஒவ்வொருவரிடத்தும் கொலஸ்திரோலும் அளக்கப்பட்டது. மிதக்கும் துணிக்கைகளும் அளக்கப்பட்டன. இனி யார் யாருக்கு மாரடைப்பு வருகின்றது என்று பார்த்திருப்பதே வேலை. நோய் வந்தபின் அளவாமல், வருமுன் அளந்து காத்திருக்கும் இம்முறை நேர்மையானது என்பதில் ஐயமில்லை.

ஆனால் காத்திருக்கும் காலத்திலே கருவியைப் பற்றிய அறிவு நின்றுவிடவில்லை. துணிக்கைகள் செறிந்திருக்குங்கால் ஒன்றையொன்று தடுத்து மெல்ல மிதக்கின்றன. வேகமானவை மெதுவானவற்றைக் கடந்து செல்லும்போது படத்திலே மெதுவானவை உள்ளதிலும் கூடுதலாகத் தோன்றுகின்றன. இவ்விரு பிழைகளையும் உணர்ந்த பேர்க்கிளிக் குழுவினர் தங்கள் கணக்கைத் திருத்தினர். மெல்ல மிதப்பனவற்றையும் விரைந்து மிதப்பனவற்றையும் வெவ்வேறு நிறையிட்டுக் கூட்டிப் புதிய சுட்டெண் ஒன்றையும் வகுத்தனர். ஏனைய மூன்று ஆய்வுகூடங்களும் அதற்கு இணங்கவில்லை. ஓட்டப் பந்தயம் நடந்துகொண்டிருக்கையில் எல்லைக் கோட்டை நகர்த்தலாகாது என்பது அவர்களின் வாதம். கோடு தவறான இடத்தில் வரையப்பட்டது தெரிந்த பின்னும் அதனை அங்கேயே வைத்திருப்பதா என்பது கொவ்மனின் மறுவாதம். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. விதியை இடையில் மாற்றாமை ஆராய்ச்சி ஒழுக்கம். கண்ட பிழையைத் திருத்துதலும் ஆராய்ச்சி ஒழுக்கமே.

1956 ஆம் ஆண்டில் இரத்தவோட்டம் பற்றிய அமெரிக்க வைத்தியச் சஞ்சிகையிலே கூட்டாய்வின் அறிக்கை வெளியாயிற்று. அதுவரை புதிதாக நோய் கண்டவர்கள் நூற்றுக்கும் குறைவானவர்களே. அச்சிறு தொகையை வைத்து மூன்று ஆய்வுகூடங்கள் ஒரு முடிவும் பேர்க்கிளி வேறொரு முடிவும் கூறின. இரண்டும் ஒரே அறிக்கையில் தனித்தனியாக அச்சிடப்பட்டன. மாரடைப்பை முன்னறிவதில் அதிவேக மையநீக்கியின் அளவை சாதாரணக் கொலஸ்திரோல் அளவையிலும் மேம்பட்டதன்று. கருவியின் செலவையும் சிரமத்தையும் நோக்கின் கொலஸ்திரோலே போதும் என்பது பெரும்பான்மையோரின் தீர்ப்பு.

அத்தீர்ப்பு பிழையெனச் சொல்லிவிட முடியாது. மெல்ல மிதக்கும் துணிக்கைகளே இரத்தக் கொலஸ்திரோலின் பெரும்பகுதியைச் சுமக்கின்றன. ஆகவே மொத்தத்தை அளந்தாலும் ஏறக்குறைய அவற்றையே அளந்ததாகும். கேட்கப்பட்ட வினா, எந்த அளவை நன்றாக முன்னறிவிக்கும் என்பது மாத்திரமே. அதற்குக் கிடைத்த விடை அக்காலத்துத் தரவுக்கு ஏற்றதே. எந்தத் துணிக்கை எந்த மனிதனிடத்து எதனால் மிகுகின்றது, அதற்கு எந்த உணவு ஏற்றது என்ற வினாக்கள் கேட்கப்படவில்லை. மேலும் ஒரு குறை இருந்தது. உப்புநீரின் அடர்த்தியை 1.063 இல் நிறுத்தியமையால் அதனினும் கனத்த கொழுப்புப் புரதங்கள் மிதக்கவில்லை, கணக்கிலும் சேரவில்லை. அவையே இன்று எச்.டி.எல். எனப்படுகின்றவை. 1951 ஆம் ஆண்டிலே நியூ யோர்க்கில் டேவிட் பார், எல்லா ரஸ், ஹவர்ட் ஈடர் என்போர், அதிவேக மையநீக்கியின்றி வேறொரு பிரிப்பு முறையால், நாடி நோய் உற்றவர்களிடம் இவ்வகை குறைந்திருப்பதை எடுத்துக் காட்டியிருந்தனர். மிகுந்தால் தீது என்பதையே தேடிக்கொண்டிருந்த காலத்தில், குறைந்தால் தீது என்ற செய்தி காதிலே ஏறவில்லை. 1970 களின் நடுப்பகுதியிலேதான் அது மீண்டும் எழுந்தது. கால் நூற்றாண்டு கழிந்தது.

வழக்கு முடிந்த பின்னர் ஆய்வுகூடங்கள் கொலஸ்திரோலை ஒழுங்காக அளப்பதில் கவனஞ் செலுத்தின. 1952 ஆம் ஆண்டிலேயே ஏபெல், கெண்டல் முதலியோர் ஒரு செம்மையான முறையை வெளியிட்டிருந்தனர். மதுசாரத்திற் கரைத்த காரத்தோடு தெளிநீரைச் சூடாக்கினால் பிணைந்த கொலஸ்திரோல் அனைத்தும் விடுபடும். ஏனைய கொழுப்புக்கள் சவர்க்காரமாகிவிடும். பின்னர் கொலஸ்திரோலை மாத்திரம் வேறொரு திரவத்தில் இறக்கிப் பச்சை நிறத்தை உண்டாக்கலாம். காரத்துக்கு மசியாத அக்குணத்தை முதலிற் கண்ட செவ்ரலின் அறிவு 137 ஆண்டு கழித்து ஆய்வுகூடத்திலே பயன்பட்டது. அற்லாந்தா நகரத்து நோய்த்தடுப்பு மத்திய நிலையம் 1950 களின் இறுதியிலிருந்து இம்முறையை உரைகல்லாகக் கொண்டு, அளவு தெரிந்த தெளிநீரைப் பிற ஆய்வுகூடங்களுக்கு அனுப்பி அவற்றின் விடைகளை ஒப்பிடத் தொடங்கிற்று. ஓரிடத்து 200 மற்றோரிடத்தும் 200 ஆக இருத்தல் வேண்டும் என்ற இவ்வுழைப்பை எவரும் பாராட்டிப் பரிசளிப்பதில்லை. அஃதின்றேல் நாடுகளை ஒப்பிடும் ஆய்வு எதுவும் நிற்காது.

மையநீக்கியும் முற்றாக மறக்கப்படவில்லை. 1955 இல் பெதஸ்டா நகரத்துத் தேசிய இருதய நிலையத்தைச் சேர்ந்த ஹவெல், ஈடர், பிரக்டன் என்னும் மூவர், படம் பிடிக்காத எளிய மையநீக்கியிலே அடர்த்தியைப் படிப்படியாக உயர்த்தி, 1.019, 1.063, 1.21 என்னும் எல்லைகளில் கொழுப்புப் புரதங்களை வகுத்து எடுக்கும் முறையைத் தந்தனர். உயர்ந்த அடர்த்தி, தாழ்ந்த அடர்த்தி, மிகத் தாழ்ந்த அடர்த்தி என இன்று வழங்கும் பெயர்கள் இத்தகைய எல்லைகளால் உண்டானவை. அதே நிலையத்தில் டொனல்ட் பிரெட்ரிக்சன் என்பவர் பணிபுரிந்தார். வேர்ஜீனியாவுக்கு அண்மையில் செசபீக் விரிகுடாவிலுள்ள தஞ்சியர் என்னும் சிறு தீவிலிருந்து வந்த ஒரு பிள்ளையின் தொண்டைச் சுரப்பிகள் செம்மஞ்சள் நிறமாயிருந்தன. இரத்தத்தை ஆராய்ந்தபோது எச்.டி.எல். ஏறக்குறைய இல்லை. 1961 இல் வெளியான இச்செய்தியால் அத்தீவின் பெயரே நோயின் பெயராயிற்று. மொத்தக் கொலஸ்திரோலை மாத்திரம் பார்த்திருந்தால் அது குறைவாயிருப்பதைக் கண்டு, நன்று எனச் சொல்லி அனுப்பியிருப்பர்.

ஈரமான கடதாசித் துண்டிலே மின்னை ஓடவிட்டு, கொழுப்புப் புரதங்கள் வெவ்வேறு தூரம் நகர்ந்து பட்டைகளாகப் படிவதைச் சாயமிட்டுப் பார்க்கும் மலிவான முறையும் பரவிற்று. 1967 ஆம் ஆண்டில் பிரெட்ரிக்சன், லெவி, லீஸ் ஆகியோர் அப்பட்டைகளை வைத்து இரத்தக் கொழுப்பு மிகையை ஐந்து வகையாகப் பிரித்தனர். கொழுப்பு மிகை ஒரு நோயன்று, பல நோய்கள் என்ற எண்ணம் அதனால் வைத்தியரிடையே நிலைத்தது. பேர்க்கிளிக் குழுவினர் 1950 இல் சொன்னதும் அதுவே. ஆயினும் எல்.டி.எல்.லை எண்ணாகக் காட்டுவதற்கு இன்னும் மையநீக்கியே தேவைப்பட்டது.

அதனைத் தவிர்த்தவர்கள் வில்லியம் பிரீட்வால்ட், லெவி, பிரெட்ரிக்சன் என்போர். 1972 ஆம் ஆண்டிலே அவர்கள் வெளியிட்ட கட்டுரை சிறியது. அதன் கருத்து அதனினும் சிறியது. இரத்தக் கொலஸ்திரோல் மூன்று ஓடங்களிலே ஏறியிருக்கின்றது. மொத்தத்தை அளக்கலாம். எப்பரின் என்னும் பொருளையும் மங்கனீசு உப்பையும் இட்டால் ஏனையவை திரைந்து வீழ, எச்.டி.எல். மாத்திரம் தெளிநீரில் எஞ்சும், அதனையும் அளக்கலாம். மிகத் தாழ்ந்த அடர்த்தி ஓடத்திலே ஒரு பங்கு கொலஸ்திரோலுக்கு ஏறக்குறைய ஐந்து பங்கு திரைகிளிசரைட்டு இருக்கின்றது. ஆகவே திரைகிளிசரைட்டை ஐந்தால் வகுத்தால் அந்த ஓடத்தின் கொலஸ்திரோல் வந்துவிடும். மொத்தத்திலிருந்து இவ்விரண்டையும் கழித்தால் எஞ்சுவது எல்.டி.எல். ஒருவரின் மொத்தம் 220 மில்லிகிராம், எச்.டி.எல். 45, திரைகிளிசரைட்டு 150 ஆயின், 150 ஐ ஐந்தால் வகுக்க 30. 220 இலிருந்து 45 உம் 30 உம் கழிய 145. அறையை நிரப்பிய யந்திரத்தின் வேலையை நான்காம் வகுப்பு மாணவனின் கணக்கு செய்துவிட்டது!

கணக்கை ஆக்கியோர் அதன் எல்லையையும் மறைக்கவில்லை. திரைகிளிசரைட்டு 400 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் இக்கணக்குப் பொருந்தாது. உண்டபின் எடுத்த இரத்தத்துக்குப் பொருந்தாது. ஐவகையுள் மூன்றாம் வகையினருக்கும் பொருந்தாது என எச்சரித்தனர். மூன்று அளவைகளின் பிழைகளும் கழித்தலின் விடையிலே வந்து குவியும் என்பதும் கவனிக்கத்தக்கது. ஆயினும் எளிமைக்கு உள்ள வலிமை எச்சரிக்கைக்கு இல்லை. 1970 களில் அமிலத்துக்குப் பதிலாக நுண்ணுயிரிகளிலிருந்து பெற்ற நொதியங்கள் வந்து, 1974 ஆம் ஆண்டிலே ஒரே குழாயில் கொலஸ்திரோலை அளக்கும் முறை அமைந்தது. தானியங்கிக் கருவிகள் அதனை மணிக்கு நூற்றுக்கணக்காகச் செய்தன. கணக்கும் அவற்றோடு சேர்ந்து உலகெங்கும் பரவியது. அமெரிக்காவில் 1988 ஆம் ஆண்டிலே, கொலஸ்திரோல் அளவையின் பிழை 1992 ஆம் ஆண்டுக்குள் 3 சதவீதத்துள் அடங்க வேண்டும் என்ற இலக்கு வகுக்கப்பட்டது.

புதிய மருந்துகள் எல்.டி.எல்.லை மிகவும் தாழ்த்தத் தொடங்கியபோது கணக்கின் குறை வெளிப்பட்டது. 145 இல் ஐந்து பிழைத்தால் கேடில்லை. 50 இல் பத்துப் பிழைத்தால் மருந்தே மாறிவிடும். ஐந்து என்னும் வகுக்கும் எண் எல்லா மனிதருக்கும் ஒன்றன்று. 2013 ஆம் ஆண்டில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் முதலியோர் பதின்மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோரின் அளவுகளை ஆராய்ந்து, ஐந்துக்குப் பதிலாக 180 வெவ்வேறு எண்கள் கொண்ட ஓர் அட்டவணையைத் தந்தனர். அந்த அட்டவணைக்கு ஆதாரமான இரத்தங்கள் அனைத்தும் அளக்கப்பட்டது அடர்த்தியின்படி பிரிக்கும் அதிவேக மையநீக்கியிலே.

கொவ்மன் 1960 களில் இருதய ஆராய்ச்சியிலிருந்து விலகிக் கதிர்வீச்சினால் வரும் கேடுகளை ஆராயச் சென்றார்; அங்கும் அரசாங்கத்தோடு பெரும் பிணக்குக் கொண்டார். ஆனால் விலகுமுன் ஒரு காரியஞ் செய்திருந்தார். கூட்டாய்வுக்குப் புறம்பாக, 1954 முதல் 1957 வரை, கலிபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வுகூட ஊழியர்களாகிய 1,905 ஆடவரின் இரத்தத்தைத் தம் கருவியிலே அளந்து எழுதி வைத்தார். இம்முறை கனத்த துணிக்கைகளையும் விடவில்லை. உப்பை மேலும் கூட்டி எச்.டி.எல்.லை அதன் இரு பிரிவுகளாகவே அளந்தார். பத்தாண்டு கழித்து 1966 இல் அவரே வெளியிட்ட அறிக்கையில், நோயுற்றவர்களிடத்து அவ்விரு பிரிவுகளும் குறைந்திருந்தமை கூறப்பட்டது. அதனைப் படித்தோர் சிலரே. கொவ்மன் 2007 ஆம் ஆண்டிலே காலமானார். அவருடைய பழைய ஏடுகளை வைத்துக்கொண்டு, அந்த 1,905 பேருக்கும் ஏறக்குறைய 29 ஆண்டுகளில் என்ன நேர்ந்தது என்பதை வில்லியம்ஸ், பெல்ட்மன் என்னும் இருவர் தேடிச் சேர்த்து 2011 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இளமையிலும் நடுவயதிலும் எவரிடத்து அந்தக் கனத்த துணிக்கைகள் குறைந்திருந்தனவோ, அவர்களையே இருதய நோய் கூடுதலாகப் பற்றியிருந்தது.